அணங்கும் அரசும்: ‘கூபி கவையா பாகா பஜையா’ அசைவூட்டப் படத்தில் நகையும் மருட்கையும்

வங்காளக் குழந்தை இலக்கியத்தில் உபேந்திரகிசோர் ராய் சௌத்ரி (1863-1915) எழுதிய கூபி, பாகா கதைக்குத் தனியிடம் உண்டு. 1913இல் அவர் தொடங்கிய ‘சந்தேஷ்’ இதழில் 1915இல் வெளிவந்த இக்கதையை அவருடைய பேரர் சத்யஜித் ராய் 1969இல் திரைப்படமாக்கினார். பின்னர் ஷில்பா ரானடே அதனை ‘கூபி கவையா பாகா பஜையா’ என்னும் பெயரில் இந்தியில் அசைவூட்டப் படமாக இயக்கினார். இந்தியக் குழந்தைகள் திரைப்படக் கழகத்தின் தயாரிப்பான இது, 2013இல் டொரண்டோ பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பெற்றது. இப்படத்தின் நிறைகுறைகளைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வழிநின்று நோக்குவது பயன் தருவதாகும்.

கூபிக்குப் பாட வராது. பாடாமலும் இருக்க முடியாது. பாகாவின் மேளமும் அத்தகையதே. ஊரார் பொறுக்க மாட்டாமல் விரட்டிவிட, இருவரும் காட்டில் சந்திக்கின்றனர். அங்கே பேய்கள் அவர்களுடைய இசையில் மகிழ்ந்து வரங்கள் அளிக்கின்றன. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் கூறுவார். பேதைமையும் மடனும் ஒன்றல்ல. பற்றியதை விடாமையே மடன் என உரையாசிரியர்கள் வேறுபடுத்துவர். உபேந்திரகிசோரின் கூபிக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும். அதையே விடாமல் பாடுவான். அவனைக் கண்டு எழும் நகை மடன் பற்றியது, எள்ளல் பற்றியதன்று. ரானடேயின் படம் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கிறது. இரு நாயகர்களும் சிரிப்புக்கு உரியவர்களாக இருந்தும் இழிவுக்கு உரியவர்களாக ஆகவில்லை. அண்மைக் காலக் குழந்தைப் படங்கள் பலவற்றில் காணக் கிடைக்காத பண்பு இது.

அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கையும் அதே இயல் சுட்டும். இக்கதையில் அணங்கு உண்டு, விலங்கு உண்டு, இறையும் உண்டு. ஆயின் காட்டுப் புலியும் பேய்க் கூட்டமும் இங்கு நகைக்கு இடமாகிவிடுகின்றன. அச்சத்திற்கு உரியதாக எஞ்சி நிற்பது போர் விரும்பும் அரசவை ஒன்றே. மனிதர் வெறுத்தவர்களைப் பேய்கள் ஏற்றுக்கொள்கின்றன. மனிதரைக் காக்க வேண்டிய அரசு அவர்களைப் போருக்கு அனுப்ப முனைகிறது. குழந்தைக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. படத்தின் உயிர்நிலை இத்தலைகீழ் மாற்றத்திலேயே உள்ளது எனலாம்.

காட்சி வடிவத்தில் இப்படம் பெற்றுள்ள வெற்றி பெரிது. உருவங்கள் தட்டையானவை, பக்கவாட்டில் நிற்பவை, மூட்டுகளில் மடங்கி நீளும் கை கால்களையும் துளையிட்டாற் போன்ற அணிவேலைப்பாட்டையும் உடையவை. தென்னிந்தியத் தோற்பாவைகளின் சாயல் அவற்றில் தெளிவாகத் தெரிகிறது. தமிழ் வாசகருக்குக் குமரி மாவட்டத் தோற்பாவைக் கூத்தின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் உடனே நினைவுக்கு வருவர். இராமகாதைக்கு நடுவே புகுந்து பெரியோரைப் பகடி செய்யும் அவ்விணைக்கும் கூபி, பாகா இணைக்கும் உறவு நெருக்கமானது. 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ ஒரு நடிகரின் முகத்தை அப்படியே கணினியில் பெயர்க்க முயன்று இடர்ப்பட்டதையும் இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். பாவை, தான் பாவை என்பதை மறைப்பதில்லை. அதன் அழகும் அதுவே.

குறையும் இவ்வழகிலிருந்தே பிறக்கிறது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன மருட்கையின் நிலைக்களன்கள். புதுமை புலப்படப் பழமை ஒன்று அருகில் வேண்டும். ராயின் படத்தில் இருவரும் ஊர்ப்பெயரை மறந்து தவறாகச் சொல்லி முதலில் பனிநிலத்திலும் பின்பு பாலைநிலத்திலும் போய் விழுவர். நாட்டுப்புறத்து உடையோடு மெய்யான பனியில் நின்று நடுங்கும் அவர்களைக் காணும்போது நகையும் வியப்பும் ஒருங்கே எழுகின்றன. ரானடேயின் உலகிலோ மரமும் மலையும் மாளிகையும் தொடக்கத்திலேயே விசித்திரமானவை. வரம் பெறுவதற்கு முன்னும் பின்னும் அவ்வுலகம் ஒரே அளவு ஒளிர்கிறது. அதனால் வரம் வந்தும் வியப்பு வளரவில்லை.

இது அசைவூட்டக் கலைக்கு இயல்பான குறை என்று தள்ளிவிட இயலாது. கோடுகளாலேயே இச்சிக்கலைத் தீர்த்த ஒருவர், கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுராவின் ஷிப்பூர்ப் பகுதியில் வாழ்ந்தார். அவர் நாராயண் தேப்நாத் (1925-2022). ‘ஹாந்தா போந்தா’வை 1962 முதலும் ‘பாண்டுல்’ படக்கதையை 1965 முதலும் ‘சுக்தாரா’ இதழில் வரைந்தவர். பாண்டுலின் மார்பில் பட்ட துப்பாக்கிக் குண்டு தெறித்துத் திரும்பும். ஆனால் அவனைச் சூழ்ந்திருப்பது தெருவும் கடையும் குறும்புச் சிறுவர்களுமாகிய அன்றாட உலகம். மெலிந்த கால்களின்மேல் அமர்ந்த அப்பெருமார்பு வியப்பூட்டுவதற்கு அச்சாதாரணத் தெருவே காரணம். ஷிப்பூர் ஓவியர் நாளிதழ்த் தாளில் வரைந்ததுபோல் எளிய கோட்டில் காட்டிய இவ்வடக்கத்தை ரானடேயின் வண்ணச் செழிப்பு இழந்துவிட்டது.

இசையைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ராய், தம் பேய் நடனத்திற்கு மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங் ஆகிய தென்னகத் தாளக் கருவிகளை மட்டுமே கையாண்டார். அரசர், எளியோர், ஐரோப்பியர், பருத்த உடலினர் என நால்வகைப் பேய்களுக்கும் தனித்தனிக் கருவி. வங்கப் பேய்கள் தமிழகத்துத் தாளத்திற்கு ஆடின என்பது நம் ஆய்வாளர்கள் போதிய அளவு பேசாத செய்தி. அதன்பின் விடியற்பொழுதில் கூபியின் குரல் இனிமையாகும் கணம், மெய்ப்பாட்டியல் கூறும் ஆக்கத்திற்குச் சிறந்த சான்று. தன் குரலைக் கேட்டு அவனே வியக்கிறான். அசைவூட்டப் படத்தின் பாடல்கள் இனியவை, துள்ளலும் உண்டு, ஆயினும் அத்தகைய தயக்கத்திற்கு அவை இடம் தருவதில்லை.

மூன்று வடிவங்களிலுமே விடை பெறாத வினா ஒன்றும் உண்டு. பேய்கள் விரும்பியது அவர்களுடைய கெட்ட இசையை. வரமாக அளித்ததோ நல்ல இசையை. திறமை இல்லாதவனுக்கு உலகில் இடமில்லை என்பதைப் பேய்களும் ஒப்புக்கொண்டனவா? குழந்தைகளுக்கான படத்தில் இது சிறு வினாவன்று. ராய் இதனை உலகியல் கொண்டு ஓரளவு ஈடுசெய்தார்: பசித்த படைவீரர்கள்முன் வானிலிருந்து இனிப்புப் பானைகள் இறங்க, அவர்கள் போரை மறந்து ஓடுகின்றனர். பாட்டைவிடப் பசியே அங்குப் போரை நிறுத்துகிறது. ரானடேயின் படம் இவ்வினாவின் பக்கம் திரும்பவில்லை.

இத்தனை குறைகளையும் கண்டு சொல்ல வேண்டியவர்கள் சிறுவர்களே. அவர்களுக்கு இப்படம் எளிதில் கிட்டவில்லை. 2013இல் விழாவில் காட்டப்பெற்ற படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது 2019 மார்ச்சில். முதல் திரையிடலின்போது எட்டு அகவையில் இருந்த குழந்தைக்கு அப்போது பதினான்கு அகவை நெருங்கியிருக்கும். படத்தைத் தயாரித்த கழகமும் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது.