கண்ணாடிப் பேழையும் மூன்றுதலை நாயும்

பழைய தொன்மங்களிடம் கடன்பெறாத இலக்கியம் உலகில் அரிது. கடன்பெறுதல் குற்றமன்று. பெற்ற பொருள் புதிய இடத்தில் என்ன தொழில் செய்கிறது என்பதே திறனாய்வின் உரைகல். இக்கால மாயக் கதைகளையும் அதிலேயே உரைத்துப் பார்த்தல் தகும்.

ஜே. கே. ரௌலிங் 1997இல் வெளியிட்ட முதல் ஹாரி பாட்டர் புதினத்தில், இசை கேட்டால் உறங்கிவிடும் மூன்றுதலை நாயொன்று வருகிறது. கிரேக்கரின் கீழுலக வாயிலைக் காக்கும் செர்பெரசே அது. ஓர்ஃபியசு யாழிசையால் மயக்கியதும் அதனையே. ஆனால் இறந்தோர் உலகைக் காத்த அந்நாய், இங்கே சாவை வெல்லும் கல்லைக் காக்கிறது. பழைய காவலிலிருந்து புதிய பொருள் பிறக்கிறது. ரிக் ரியோர்டன் 2005இல் தொடங்கிய பெர்சி ஜாக்சன் கதைகளில், எழுத்துகள் குழம்பித் தோன்றும் சிறுவனின் மூளை பண்டைக் கிரேக்க மொழிக்கென அமைந்தது எனப்படுகிறது. வகுப்பறையில் குறையாகக் கருதப்பட்டது அங்கே பிறப்புரிமை ஆகிறது.

இவ்வகைக் கடன் ஜொகூர் மண்ணுக்கும் புதிதன்று. அலெக்சாந்தரைப் பற்றிய கிரேக்க வீரகதையின் பிற்காலப் படிகளில், அம்மன்னன் கண்ணாடிக் கலத்தில் அமர்ந்து கடலடிக்குச் செல்கிறான். பெருமீன் ஒன்று அதைக் கவ்விக் கரையில் எறிகிறது. இயலாததை முயலலாகாது என்று உணர்ந்து அவன் ஓய்கிறான்.

இக்கதை இசுலாமிய உலகின் இஸ்கந்தர் கதைகள் வழியே மலாய் மொழியை அடைந்தது. ஜொகூர்ப் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங்கோடும் 1612ஆம் ஆண்டோடும் தொடர்புறுத்தப்படும் செஜாரா மெலாயு, இஸ்கந்தர் வழிவந்த இந்திய மன்னன் ஒருவனைக் கண்ணாடிப் பேழையில் கடலுள் இறக்குகிறது. அவன் பெயர் படிக்குப் படி சூரான் என்றும் சூலான் என்றும் வழங்கும். சோழன் என்னும் பெயரே இவ்வாறு திரிந்தது என்பாரும் உளர். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் செலுத்திய கடற்படையின் நினைவு இதில் உறைந்திருத்தல் கூடும். அம்மரபினர் ஜொகூர் ஆற்றின் மேற்புறத்துக் கருங்கற் கோட்டையை வென்ற செய்தியும் அந்நூலில் உண்டு.

கடலடியில் இம்மன்னன் தோற்றுத் திரும்பவில்லை. அங்குள்ள அரசன் மகளை மணந்து மூன்று மைந்தரைப் பெறுகிறான். அம்மைந்தர் பின்னர் பலெம்பாங்கின் செகுந்தாங் குன்றில் தோன்ற, அவர்வழி மலாய் அரசர் குலம் தழைக்கிறது. மனித ஆற்றலின் எல்லையைக் கூறிய கதை, ஒரு குலத்தின் தோற்றத்தைக் கூறும் கதையாயிற்று. கலம் கிரேக்கருடையது, கதை மலாய் மக்களுடையது, மன்னன் பெயரில் தமிழ்நிலத்தின் எதிரொலி கேட்கிறது.

நம் மாணவர் எழுதும் மாயக் கதைகள் சிலவற்றில் மந்திரக்கோலும் பனிமூடிய கோட்டையும் வந்தபடியே நிற்கின்றன. மொழி தமிழாய் இருப்பதனாலேயே கதை தமிழ்க்கதை ஆகிவிடாது. அதற்காக ஆங்கில நூல்களை விலக்குதல் அறியாமையாகும். ரௌலிங்கையும் செஜாரா மெலாயுவையும் அருகருகே வைத்து, வந்த பொருள் இங்கே என்ன தொழில் செய்கிறது என்று ஆசிரியர் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடைதேடும் மாணவன், தன் ஊர் ஆற்றங்கரையிலேயே ஒரு கதைக்களம் காத்திருப்பதைக் காண்பான்.