பிரம்புச் செற்றியும் நம் பட்டறைகளின் தரமும்

பிரம்பு வேலையைப் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து மூத்தவர்கள் கேட்டார்கள். அவர்கள் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. பிரம்பின் இனமும் பதமும் இம்மலரை வாசிப்போருக்குத் தெரிந்தவையே. ஆகவே பட்டறைப் பரம்பரைகளையும் அவற்றின் தரத்தையும் மட்டும் எழுதுகிறேன்.

நம் நாட்டுப் பிரம்பு வேலையில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது ஒல்லாந்தர் காலத்தில் வேரூன்றியது. கருங்காலிச் சட்டத்தில் துளையிட்டு, பிரம்புத் தோலால் இருக்கை பின்னும் வழி அது. விறாந்தைகளில் கிடந்த சாய்மனைக் கதிரைகளும் அதன் வாரிசுகளே. மொறட்டுவை ஓடாவிமார் அதை இன்றும் கைவிடவில்லை.

இரண்டாவது கொழும்பு–கண்டி வீதியோரத்து வழி. வேவல்தெனியவிலும் ரதாவடுன்னவிலும் மரச்சட்டம் இல்லாமலே, பிரம்பையே சூட்டில் வளைத்துக் கதிரையின் எலும்பாக்கினார்கள். சிங்கராஜக் காட்டுப் பக்கத்து ஈரவலயப் பிரம்பு அதற்குக் கைகொடுத்தது.

மூன்றாவது, இன்று எல்லோரும் தேடுகிற நவீன வழி. 1958இல் மினெட் டி சில்வாவிடம் வேலை செய்ய இலங்கை வந்த டென்மார்க் கட்டடக் கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர், பின்னர் ஜெப்ரி பாவாவோடு இணைந்தார். 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது, வெளிநாட்டுச் சாமானுக்குக் காத்திராமல் உள்ளூர் மரத்தையும் உள்ளூர்க் கையையும் அவர்கள் நம்பினார்கள். அலங்காரச் செதுக்கலைக் கழித்து, சட்டத்தின் கோட்டையே அழகாக்கும் பார்வை நம் பட்டறைகளுக்குள் வந்தது அக்காலத்தில்தான்.

வெளியுலகில் அதற்குச் சற்று முன்பே பிரம்பின் பொற்காலம் தொடங்கிவிட்டது. டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் செய்த வட்டக் கதிரைக்குப் பிரம்புப் பின்னல் இருக்கை. இத்தாலியில் பிராங்கோ அல்பினி 1951இல் மார்கரீட்டா கதிரையை முழுக்கப் பிரம்பில் கட்டினார். நன்னா டிட்செலும் அவர் கணவர் யோர்கனும் 1950களின் பிற்பகுதியில் தொங்கும் முட்டைக் கதிரையை வரைந்தார்கள். சண்டிகரில் பியேர் ஜான்னரே அரச அலுவலகங்களுக்கெல்லாம் தேக்கும் பிரம்பும் சேர்ந்த கதிரைகளைப் போட்டார். பின்னாளில் கழித்துப் போடப்பட்ட அவை, இன்று ஐரோப்பிய ஏலங்களில் பெருவிலை போகின்றன. இப்போது பேசப்படும் நவீனப் பிரம்புச் செற்றிகள் எல்லாம் இந்த மரபின் பிள்ளைகள்.

என்னைப் பயிற்றிய பாஸ் இரண்டாம் வழியில் கைபழகி, மூன்றாம் வழியில் கண் தெளிந்தவர். எங்கள் ஊரான கனமூலையின் தென்னந்தோப்பு மண்ணில் தடித்த பிரம்பு விளையாது. வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு தண்டையும் அவர் அமானிதம்போல் கையாண்டார். வளைவில் சூடு ஏறிக் கருகிய தண்டை, மைபூசி மறைக்க விடமாட்டார். மூட்டைப் பசையோடு நிறுத்தமாட்டார். ஊறிய பிரம்புத் தோலை இறுக்கிச் சுற்றுவார். அது காய்ந்ததும் மூட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இருக்கைக்கு நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, சரிவாக இரண்டு என்று இழையோட்டி, ஓரத்தைத் தனி இழையால் கட்டுவார். ஐரோப்பிய வடிவங்கள் தரையோடு தாழ்ந்தவை. அவர் இருக்கையைச் சற்று உயர்த்தினார். வீட்டு உம்மும்மா கைத்தாங்கல் இல்லாமல் எழும்ப முடியாத செற்றி எதற்கு என்பார். வடிவத்தின் கோடு கெடாமல் அந்த உயரத்தைச் சேர்த்ததுதான் அவருடைய மேதைமை.

இனி, மனத்தை உறுத்துவதையும் சொல்ல வேண்டும். யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. இளையவர்களிடத்தில் நல்ல கைகள் இருக்கின்றன. மூலப் பிரம்பின் ஏற்றுமதியை இந்தோனேசியா 2012 தொடக்கம் தடைசெய்தது. அதன்பின் சரக்குக் கிடைப்பதே பெரும்பாடு என்பதும் உண்மை. ஆனாலும் இயந்திரத்தில் நெய்த சுருளை வெட்டி, பள்ளத்தில் பசையிட்டுச் செருகி, கம்பியூசி அடித்துவிட்டு அதைக் ‘கைப்பின்னல்’ என்று விற்பதை எப்படி ஏற்பது? சுருள் வேலை குற்றமல்ல. அதைச் சுருள் என்று சொல்லாததே குற்றம். அதைவிடக் கொடுமை பிளாஸ்டிக் நாடாவைப் பிரம்பு என்பது. இயற்கைப் பிரம்பு இருக்கை தொய்ந்தால், அடிப்புறத்தை நனைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் மீண்டும் இறுகும். பிளாஸ்டிக் அப்படித் திரும்புமா?

இது ஒரு செற்றியோடு நிற்கிற காரியமல்ல. மூட்டை மறைக்கப் பழகிய கை அளவையும் மறைக்கும். அளவை மறைத்த கை நாளை கூரைச் சட்டத்திலும் மறைக்கும். பஞ்சு மெத்தையின் கீழே பொய்யை மூடப் பழகிய பிள்ளைகளிடம் ஊர் எந்தப் பொறுப்பை ஒப்படைக்கும்? ஒரு தலைமுறையின் நாணயம் அந்தப் பின்னலின் அடியில்தான் அவிழ்ந்துகொண்டிருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

சங்கத்துப் பெரியோரிடம் என் வேண்டுகோள் இரண்டு. கைப்பின்னல் பழகும் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் காலத்தில் சாப்பாட்டுச் செலவையாவது சங்கம் ஏற்கட்டும். ஒவ்வொரு செற்றியின் அடிச்சட்டத்திலும் பின்னியவர் பெயரை எழுதும் வழக்கத்தைக் கட்டாயமாக்கட்டும். வாங்குவோருக்கு ஒரே சொல்: செற்றியைக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.