படைப்பை வாசிக்காத இலக்கியக் கூட்டங்கள்

சென்னை கே.கே.நகரில் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூரில் பனுவல், பெங்களூருவில் ஆட்டா கலாட்டா என்று புத்தகக் கடைகளே இலக்கியக் கூட்டங்களுக்கு இடம் தரும் வழக்கம் இன்று நன்றாக வேரூன்றிவிட்டது. மாலையில் கடையில் கூட்டம் நடக்கும். முடிந்ததும் எழுத்தாளரும் நெருங்கிய நண்பர்களும் பக்கத்திலிருக்கும் பாருக்குப் போவார்கள். பேச்சு நள்ளிரவு வரை நீளும். புத்தகக் கடை, மதுக்கூடம் ஆகிய இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய நகரத்து இலக்கியக் கூட்டம். அது என்ன தருகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதை எடைபோட, நீலகிரியின் மேற்கு ஓரத்தில் கேரள எல்லையை ஒட்டிய சேரங்கோடு நல்ல இடம். பந்தலூர் வட்டத்தில் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடியிருப்புகளும் பழங்குடிப் பாடிகளும் கலந்து கிடக்கும் ஊர் அது. புத்தகம் மட்டும் விற்று ஒருவர் அங்கே பிழைப்பு நடத்த முடியாது. யானை நடமாட்டம் இருப்பதால் இருட்டிய பிறகு யாரும் நிம்மதியாக நடந்து வீடு திரும்பவும் முடியாது. நகரத்து வழக்கம் எவற்றையெல்லாம் கேள்வியின்றி எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது இப்படிப்பட்ட ஊரில்தான் துலக்கமாகத் தெரியும்.

முதலில் அந்த வழக்கத்தின் நற்பயன்களை ஒப்புக்கொள்ள வேண்டும். கடையில் கூட்டம் நடந்தால் பேசப்படும் புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது; ஒரு வரி பிடித்துப்போனால் கேட்டவர் அங்கேயே எடுத்துப் புரட்டலாம். பெரிய அரங்குகளின் வாடகைக்குப் பயந்து கூட்டமே போட முடியாத சிறு பதிப்பகங்களும் முதல் தொகுப்பு போட்ட இளைஞர்களும் இதனால் வெளியே வந்தார்கள். மதுக்கூடத்துக்கும் ஒரு பெருமை உண்டு. நியூயார்க்கின் கேஜிபி பாரில் 1990-கள் முதல் வாசிப்புத் தொடர் நடந்துவருகிறது. பேர்பெற்றவரும் முதல் கதை எழுதியவரும் அங்கே ஒரே மேசையருகில் நின்று வாசித்தார்கள். சிகாகோவின் கிரீன் மில் மதுக்கூடத்தில் 1986-இல் கவிஞர் மார்க் ஸ்மித் கவிதைப் போட்டி நடத்தத் தொடங்கியபோது, மதிப்பெண் போடும் வேலையைப் பேராசிரியர்களிடம் தராமல் அன்று குடிக்க வந்தவர்களிடமே கொடுத்தார். கவிதை சலிப்பூட்டினால் அவர்கள் முகத்துக்கு நேரே கூச்சல் போட்டார்கள். எழுதியவருக்குக் கடன்பட்டிராத கேட்பவரை மதுக்கூடம் கொண்டுவந்து சேர்த்தது. அது சிறிய விஷயமல்ல. மேடையில் ஓங்கிச் சொல்லக்கூடிய கவிதைகளே வென்றன, மெல்லிய குரலில் எழுதப்பட்டவை தோற்றன என்ற குறை பின்னால் வந்தது. ஆனாலும் அந்தக் கூட்டங்களில் படைப்பு வாசிக்கப்பட்டது. நம்முடைய கூட்டங்களோடு ஒப்பிடும்போது அந்த ஒன்றுதான் முக்கியம்.

நம் அழைப்பிதழ் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, நூல் வெளியிடுபவர், முதல் படி பெறுபவர், வாழ்த்துரைக்கு நான்கைந்து பெயர்கள், ஏற்புரை, நன்றியுரை. இடையில் பொன்னாடை. மூன்று மணி நேரம் ஓடும் கூட்டத்தில் எழுத்தாளர் தன் கதையிலிருந்து ஒரு பக்கமாவது படித்துக் காட்ட இடமில்லை. வாழ்த்துரை வழங்குபவர் எழுத்தாளரைத் தனக்கு எத்தனை காலமாகத் தெரியும் என்பதில் தொடங்கி, அட்டைப்படத்தைப் பாராட்டி, முன்னுரையிலிருந்து இரண்டு கருத்துகளை எடுத்துச் சொல்லி முடிக்கிறார். புத்தகத்தை முழுதாகப் படித்திருந்தாலும் குறை சொல்ல முடியாத இடத்தில் அவர் நிற்கிறார்: கூட்டம் விற்பனைக்காகப் போடப்பட்டது, பதிப்பாளர் முன்வரிசையில் இருக்கிறார், கடைக்காரர் வாசலருகே பிரதிகளை அடுக்கிவைத்திருக்கிறார். விற்பனை நடக்க வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் விற்பனை மேடையும் விமர்சன மேடையும் ஒன்றாக இருக்கும்போது விமர்சனம்தான் ஒதுங்கிப் போகிறது.

ஒதுங்கிய விமர்சனம் போய்ச் சேரும் இடம் பார். மேடையில் சொல்லாமல் விட்டதெல்லாம் அங்கேதான் வெளிவருகிறது: மூன்றாவது அத்தியாயம் தொய்கிறது, இந்த உத்தி இன்னாரிடமிருந்து வந்தது, இந்தப் பெண் பாத்திரத்தை எழுதியவருக்குப் பெண்களைத் தெரியாது. எழுத்தாளருக்கு உண்மையில் உதவக்கூடிய சொற்கள் அவைதான். ஆனால் அவற்றைக் கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. டாஸ்மாக்கை ஒட்டிய பாரில் ஒரு பெண் எழுத்தாளர் உட்கார்ந்து பேச முடியாது. கல்லூரி மாணவியால் அந்தத் தெருவில்கூட நிற்க முடியாது. குடிக்காதவரும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவரும் கூட்டம் முடிந்ததுமே கிளம்பிவிடுகிறார்கள். நட்சத்திர விடுதிக்குப் போனால் பணமில்லாதவர் வெளியே நிற்கிறார். பொதுமக்களுக்கு வாழ்த்துரையும் நெருங்கிய வட்டத்துக்கு மட்டும் விமர்சனமும் என்ற பிரிவினை இப்படித்தான் நிலைபெற்றது. தமிழ் இலக்கியத்தில் இத்தனை பெண்கள் எழுத வந்த பிறகும் மதிப்பீடுகள் ஒரு சில ஆண் வட்டங்களின் முத்திரையோடு உலவுவதற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இந்தப் பிரிவினை நம் மரபு என்றும் சொல்ல முடியாது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்கிறது. குற்றம் காண வேண்டும் என்ற முடிவோடு ஆசான் கேட்டார், எல்லாவற்றுக்கும் தொல்காப்பியர் விடை சொன்னார் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கதை சொல்கிறார். கதை வரலாறா என்பது வேறு கேள்வி. நூலை முழுக்க வாசிப்பதும் தடை எழுப்புவதும் விடை சொல்வதும் அவையின் நடுவே நடக்க வேண்டியவை என்று அந்த மரபு நம்பியது. அரங்கேற்றம் என்ற சொல்லுக்குப் பொருளே அதுதான். அண்மைக் காலத்திலும் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1970-இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை, மாதந்தோறும் கூடி அந்த மாதப் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளை ஒருவரிடம் ஒப்படைத்தது. அவர் ஒரு கதையைத் தேர்ந்து, ஏன் அது, ஏன் மற்றவை இல்லை என்று சபையில் சொல்ல வேண்டும். தேர்வுகளில் கருத்து வேறுபாடு இருக்கலாம்; காரணம் சொல்லும் கடமை மேடையிலேயே இருந்தது. புலம்பெயர்ந்த தமிழர்கள் 1988-இல் ஜெர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, தலைவரும் நிரந்தரச் சங்கமும் இல்லாமல் ஊர் ஊராக நகர்ந்து, ஈழ இயக்கங்களின் கெடுபிடிக்கு அஞ்சாமல் எதிரெதிர்க் கருத்துக்காரர்களை ஒரே அறையில் உட்காரவைத்தது.

நீலகிரிக்குள்ளேயே இரண்டு வழிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். உதகையில் 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகத்தில் 2016 முதல் ஊட்டி இலக்கிய விழா நடக்கிறது. அழகான பழைய கட்டடம், நல்ல ஏற்பாடு. ஆனால் பேச்சில் பெரும்பகுதி ஆங்கிலம், மலையில் கொழுந்து பறிப்பவருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதே உதகையில், ஃபெர்ன்ஹில் நாராயண குருகுலத்தில், துறவி நித்ய சைதன்ய யதியின் நினைவாக எழுத்தாளர் ஜெயமோகனும் நண்பர்களும் பல ஆண்டுகள் நடத்திய முகாம் வேறு மாதிரியானது. பேசப்படும் படைப்பை எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும், தனிநபர்த் தாக்குதல் கூடாது, மது கூடாது என்று அதற்கு விதிகள் இருந்தன. தமிழ்க் கவிஞர்களும் மலையாளக் கவிஞர்களும் அங்கே எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் கவிதையை மற்றவர் மொழிக்குக் கொண்டுபோனார்கள். முன்பதிவு செய்து இரண்டு மூன்று நாள் ஒதுக்கக்கூடியவர்களுக்கே அது வாய்த்தது என்பது அதன் எல்லை. படைப்பு நடுவில் இருந்தால் கறாரான பேச்சுக்கு மது தேவையில்லை என்பதை அது காட்டிவிட்டது.

சேரங்கோட்டில் காதால் கேட்பதற்கு நகரத்தில் இல்லாத மதிப்பு இருக்கிறது. எல்லையோரத்தில் தமிழும் மலையாளமும் பேச்சில் இரு மொழிக்காரருக்கும் புரியும். ஆனால் ஒருவருக்கு ஓர் எழுத்துதான் படிக்க வரும். மலையாளக் கவிஞர் கல்பற்றா நாராயணனின் கவிதையை அச்சில் கொடுத்தால் தமிழ்ப் பள்ளியில் படித்தவர் திகைப்பார். வாய்விட்டு நிறுத்தி வாசித்தால் பாதி தானாகவே புரியும், மீதியைப் பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார். பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரின் பாடல்கள் வாயில் வாழ்பவை. அவற்றுக்கு வாசிப்புக் கூட்டத்தைத் தவிர வேறு புத்தகக் கடை கிடையாது. 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டேன்டீயில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் கொண்டுவந்ததும் கேட்கும் மரபுதான். காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் தோட்டங்களில் இரவிரவாக நடந்தவை. இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களிடையே கோ. நடேசய்யர் தொழிற்சங்கக் கூட்டம் போட்டபோது அவர் மனைவி மீனாட்சி அம்மை பாடிய பிறகே பேச்சு தொடங்கும்; தொழிலாளர் நிலையைச் சொல்லும் தன் பாட்டுகளை அவர் 1940-இல் சிறு நூலாகவும் வெளியிட்டார். எழுத்தறியாத பெண்களிடம் அவை பாட்டாகவே போய்ச் சேர்ந்தன.

இன்னொரு காரணமும் உண்டு. இலங்கை மலையக எழுத்தாளர் என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையைச் சென்னையில் வாசித்தால் நடையையும் அமைப்பையும் பற்றி நல்ல பேச்சு வரும். சேரங்கோட்டில் வாசித்தால், எந்த மாதத்தில் எந்த நிரையில் ஒரு பெண்ணால் எத்தனை கிலோ பறிக்க முடியும், நிறுவையில் எங்கே ஏமாற்றுவார்கள், கூடை நிறைந்தால் தலைக்கயிறு நெற்றியில் எங்கே அழுத்தும் என்று தெரிந்த காதுகள் அதைக் கேட்கும். கதையின் உண்மையைச் சோதிக்க அவர்களைவிடத் தகுதியான விமர்சகர் இல்லை. இன்னொரு மலையக எழுத்தாளரான தெளிவத்தை ஜோசப்புக்கு 2013-இல் விஷ்ணுபுரம் விருது கொடுத்தபோது மலையக எழுத்து இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு அறிமுகமானது என்று மகிழ்ந்தோம். அந்த எழுத்தின் மனிதர்கள் அரை நூற்றாண்டாக நீலகிரியிலேயே வாழ்கிறார்கள். அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

வெளிப்படையாக விமர்சித்தால் சண்டை வரும், உறவு முறியும், ஆகவே அது தனியறையிலேயே இருக்கட்டும் என்பார்கள். சண்டை வருவது உண்மை. பெரும்பாலும் அது ஆளைப் பற்றிப் பேசும்போது வருகிறது. ‘இந்தப் பத்தியில் இந்தச் சொல்’ என்று சுட்டிப் பேசும்போது பதில் சொல்லும் வழியும் திறந்திருக்கிறது. ஸ்ருதி டிவி போன்றவர்கள் எல்லாக் கூட்டத்தையும் பதிவேற்றுகிறார்களே, மலையில் இருப்பவர் செல்பேசியில் பார்க்கட்டும் என்பது அடுத்த வாதம். அந்தச் சேவை பெரிது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் மலைக்காரர் என்றும் பார்வையாளர்தான். கையைத் தூக்கி ‘அப்படி இல்லைங்க’ என்று சொல்ல முடியாது. களைத்த மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமையில் கதை கேட்க வருவார்களா என்ற ஐயம்தான் மூன்றிலும் கனமானது. வாழ்த்துரை கேட்க வர மாட்டார்கள், வரவும் வேண்டாம். தங்கள் வாழ்க்கையைப் பற்றிய கதைக்கும் தங்கள் கருத்துக்கு மதிப்புள்ள பேச்சுக்கும் பத்துப் பேர் வந்தாலும் போதும். நகரத்துக் கடையிலும் பல நாள் அவ்வளவு பேர்தான் இருக்கிறார்கள்.

இடத்துக்கும் குறைவில்லை. அரசு நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. தோட்டப் பள்ளிகளும் சமுதாயக் கூடங்களும் இருக்கின்றன. ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கி, வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் வீடு சேரும்படி ஒரு மணிக்கு முடிக்கலாம். ஒரே ஒரு கதை. அதை முழுக்க, நிதானமாக, நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க வேண்டும். முதலில் கேட்டவர்கள் பேசட்டும், எழுத்தாளர் கடைசியில் பேசட்டும். பந்தலூர், கூடலூர்ப் பக்கத்து நூலகர்களும் ஆசிரியர்களும் கலை இலக்கிய அமைப்புகளின் கிளைகளும் இதைக் கையில் எடுக்க வேண்டும். சென்னையிலும் கோவையிலும் கூட்டம் போடுகிறவர்களிடம் கேட்பது இதைவிடச் சுலபமானது: அடுத்த அழைப்பிதழில் வாழ்த்துரைப் பெயர்கள் இரண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘வாசிப்பு: இருபது நிமிடம்; கேள்விகள்: அரை மணி’ என்று அச்சடியுங்கள்.