பொய் சொல்லிப் பிடித்த வீடு

ஊரை விட்டுப் போவதைப் பற்றித் தமிழில் எழுதியிருப்பதில் பாதி ஒப்பாரி. மண்ணை விட்டாச்சு, வேரை விட்டாச்சு, கிணத்தடியை விட்டாச்சு, வேப்பமர நிழலை விட்டாச்சு. சரி, விட்டுட்டுப் போறதுக்கு உங்களுக்கு ஒரு கிணறு இருந்தது. எங்க தாத்தாவுக்கு இருந்ததெல்லாம் ஏரிப் புறம்போக்கில் ஒரு குடிசையும், செத்தால் புதைக்க ஓடையோரத்தில் ஆறடியும்தான். அந்த ஆறடிக்கும் ஊர்த்தெரு வழியாகப் பிணத்தைக் கொண்டுபோக விடமாட்டார்கள். முள்ளுக்காட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகணும். இந்த மண்ணின் வாசனையை நினைத்து நான் எதற்கு அழணும்?

இதைத் தலித் விமர்சகர்கள் பலரும் சொல்லியாச்சு. கிராமத்தைக் கொண்டாடியவர்களுக்கு 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் பதில் கொடுத்துவிட்டார். நான் கேட்க வந்தது அடுத்த கேள்வி. கிளம்பிப் போனோம், சரி. போன இடத்தில் வீடு யார் கொடுத்தது? என்ன சொல்லி வாங்கினோம்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் படித்ததில் சிலவற்றைத் திருப்பிப் படித்துப் பார்க்கிறேன்.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது பாலைத் திணையை எங்களுக்கு இரண்டு மாதம் நடத்தினார்கள். பொருள் தேடிப் போகிறவன் தலைவன். வீட்டிலிருந்து இளைத்துப் போகிறவள் தலைவி. கைவளை கழன்று விழுவதுதான் அவளுக்கு வேலை. அவள் கிளம்பினாலும் அது உடன்போக்கு. கூட ஒருத்தன் இருக்கணும். கடல் கடக்கும் பிரிவில் பெண்ணைக் கூட்டிப்போகும் வழக்கம் கிடையாது என்று தொல்காப்பியத்தில் அதற்கென்றே ஒரு சூத்திரம் உண்டு. அடியோருக்கும் வினைவலருக்கும் ஐந்திணைக்குப் புறத்தேதான் இடம் என்று இன்னொரு சூத்திரம். அப்படியென்றால் அடியோர் வீட்டுப் பெண் ஒருத்தி, பொருள் தேடி, தனியாக, அயல் மாநிலத்துக்குப் பஸ் ஏறினால் அவளுக்கு எந்தத் திணை? பேராசிரியரைக் கேட்டேன். 'அது பரீட்சைக்கு வராதும்மா' என்றார்.

2019 ஜூனில் நான் அப்படித்தான் பஸ் ஏறினேன். வேலூர் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து பெங்களூருக்கு. பொம்மனஹள்ளிப் பக்கம் கார்மெண்ட்ஸ் ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் மத்தியில் இயக்க வேலை. நகரத்துக்குள் தங்கினால் வாடகையே என் சம்பளத்தைத் தின்றுவிடும். அதனால் ஓசூர் ரோட்டில் தள்ளித் தள்ளிப் போனேன். சிங்கசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி, ஹெப்பகோடி, பொம்மசந்திரா, கடைசியில் சந்தாபுரா. தள்ளிப் போகப் போக வாடகை இறங்கும், பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற நேரம் ஏறும். இன்னும் கொஞ்சம் போனால் அத்திபெலே, அதைத் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு. மலிவைத் தேடிப் போய் எல்லைக் கோட்டுக்கே வந்துட்டேன்.

சந்தாபுராவில் ஒரு ரூமும் ஒரு சமையலறையும் 4,500 ரூபாய். பெங்களூர் வழக்கப்படி பத்து மாத வாடகை அட்வான்ஸ், 45,000. பேசிப் பேசி முப்பதாயிரத்துக்குக் கொண்டுவந்தேன். அதில் இருபது அம்மா வாங்கிக் கொடுத்த மகளிர் குழுக் கடன். பணமெல்லாம் பேசி முடிந்த பிறகு வீட்டுக்காரம்மா நல்ல தமிழில் கேட்டாங்க. 'ஒண்டியாதான் இருப்பியா? கறி மீன் பொழங்குவியா? நீங்க இன்னா ஆளுங்கம்மா?'

மூணாவது கேள்விக்காகத்தான் முதல் ரெண்டும். அதற்கு முன்னால் நாலு வீட்டில் உண்மையைச் சொல்லியிருந்தேன். ஒருத்தர்கூட வாயைத் திறந்து 'உங்களுக்கு இல்லை'ன்னு சொல்லலை. 'ஊர்லேர்ந்து தம்பி வரான், அவனுக்கு வேணும்' என்றார் ஒருத்தர். 'பெயிண்ட் அடிக்கணும், அப்புறம் பாக்கலாம்' என்றார் இன்னொருத்தர். டு-லெட் போர்டு மட்டும் அடுத்த வாரமும் தொங்கிக்கிட்டிருந்தது. ஐந்தாவது வீட்டு வாசலில், ராத்திரி எட்டு மணிக்கு, தோளில் பையோடு நின்றுகொண்டு 'முதலியாருங்க' என்றேன். மாநாட்டு மேடையில் சாதி ஒழிப்புப் பேசின அதே வாயால்.

இது ஒருத்தியின் கெட்ட நேரம் என்று தள்ளிவிட முடியாது. தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள புறநகர்களிலும் வாடகை வீடு கேட்டுப் போகிறவர்களை வைத்து சுகதேவ் தோரட்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2012இல் நடத்திய ஆய்வு, 2015இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் வெளிவந்தது. மேல்சாதிப் பெயருக்குத் திறந்த கதவு தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் மூடிக்கொண்டதை அது காட்டியது.

அந்த அறையில் பாய் விரித்துப் படுத்த முதல் வாரத்தில்தான் அம்பேத்கரின் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வை மறுபடி படித்தேன். அவர் கையெழுத்துப் பிரதியாக விட்டுப்போனது. மக்கள் கல்விக் கழகம் 1990இல் சிறு நூலாக அச்சிட்டது. கூட்டங்களில் நாம் அதிகம் சொல்வது, சிறுவயதில் கோரேகாவுக்குப் போகிற வழியில் தண்ணீர் கிடைக்காமல் தவித்த கதையை. பரோடா அத்தியாயத்தை, 'அவ்வளவு படிச்சவருக்கே வீடு கிடைக்கலை பாருங்க' என்று ஒரு வரியில் தாண்டிவிடுவோம். நானும் அப்படித்தான் தாண்டியிருக்கிறேன்.

நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் திரும்பியவர், தன்னைப் படிக்க வைத்த மன்னரின் சமஸ்தானத்தில் வேலை பார்க்க பரோடா போகிறார். தனியாள், தெரியாத ஊர். இந்து விடுதியில் சேர்க்க மாட்டார்கள். பார்சி விடுதிக்குப் போகிறார். பார்சிகள் அணியும் சத்ராவும் கஸ்தியும் உடம்பில் இல்லாததை விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர் கண்டுபிடித்துவிடுகிறார். அப்போது ஒரு பேரம் நடக்கிறது. விடுதிக்கு ஆளே வருவதில்லை, அவருக்கு வருமானம் வேணும். இவருக்கு இடம் வேணும். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்வது என்று முடிவாகிறது. ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய். மாடியில் ஒரு சின்ன அறை, பக்கத்துக் கூடம் முழுக்கப் பலகையும் உடைந்த நாற்காலியும், மின்விளக்கு கிடையாது, வௌவால்கள், பேச்சுத்துணைக்கு ஒரு மனிதர் இல்லை. பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் படியேறி வருகிறது. யார் நீ என்று அதே கேள்வி. சாயங்காலத்துக்குள் காலி செய்யணும். இந்து நண்பரிடம் கேட்டால், நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். கிறிஸ்தவ நண்பர், மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். பிராமணர்களாக இருந்து மதம் மாறியவர்கள் அவர்கள். ராத்திரி பம்பாய் ரயில் வரும்வரை பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

இதை அவமானத்தின் ஆவணம் என்று மட்டும் படித்தால் இதிலுள்ள துணிச்சல் தப்பிப்போகும். மற்றவர்கள் தனக்குச் செய்ததை எழுதிய அதே நிதானத்தோடு, தான் செய்ததையும் எழுதியிருக்கிறார். பொய்ப் பெயருக்கு ஒப்புக்கொண்டதை எழுதுகிறார். தடிகளுக்கு முன்னால் பதில் சொல்ல முடியாமல் வாயடைத்து நின்றதை எழுதுகிறார். பிறகு அரசியல் சட்டத்தை எழுதப்போகிற கை இதையும் எழுதியிருக்கிறது. தன்னை நாயகனாக நிறுத்திக்கொள்ள ஆசைப்படும் எவரும் அந்த இடங்களை வெட்டியிருப்பார்.

இதற்குப் பக்கத்தில் பாமாவின் 'கருக்கு'வை (1992) வைத்துப் படிக்கலாம். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு நாயக்கர் பெண் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கிறாள். சேரி என்று சொன்னதும் எழுந்து வேறு சீட்டுக்குப் போகிறாள். அங்கே கதை சொல்கிறவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அந்தத் திமிர்தான் எங்கள் தலைமுறைக்கு எழுதக் கற்றுக் கொடுத்தது, அந்தக் கடன் தீராது. ஆனால் பஸ் பயணம் ஒரு மணி நேரம். வீடு பதினோரு மாத அக்ரிமெண்ட். பஸ்ஸில் எழுந்து போகிறது அவள். வாடகை வீட்டில் எழுந்து போகவேண்டியது நான். 'கருக்கு'க்குப் பின் நாங்கள் எழுதிய தன்வரலாறுகள் அந்தத் திமிரை மட்டும் மாதிரியாக எடுத்துக்கொண்டன. சேரியை எழுதினோம், பள்ளிக்கூடத்தை எழுதினோம், விடுதிச் சோற்றை எழுதினோம். வேலை கிடைத்து அயலூரில் சாதி மறைத்து வாழ்ந்த வருஷங்களை மட்டும் எழுதாமல் விட்டுட்டோம்.

கூட்டமாகப் போனதற்கு எழுத்து உண்டு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அங்கே லயம் இருக்கிறது. வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்க வயலுக்குப் போனவர்களுக்குச் சுரங்கக் கம்பெனியின் லைன் வீடு இருந்தது. லயமோ லைனோ மனுசர் வாழும் லட்சணத்தில் இல்லை. ஆனால் நம்ம சனம் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பலத்தில்தான் தங்க வயலில் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்குக் கிளைகள் வந்தன, 'தமிழன்' ஏட்டுக்கு வாசகர்கள் இருந்தார்கள். கன்னடத்திலிருந்து தமிழுக்கு வந்த சித்தலிங்கய்யாவின் 'ஊரும் சேரியும்' நூலிலும், மாகடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூர் ஸ்ரீராமபுரத்துக்கு வரும் பையனுக்கு அங்கே ஒரு சேரி காத்திருந்தது. அந்தப் புத்தகத்தில் அவ்வளவு சிரிப்பு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தனியாகப் புறநகருக்குப் போகிறவளுக்குக் கூடச் சேர்ந்து சிரிக்க ஆளில்லை.

சட்டமும் ஒரு பிரதிதான், அதையும் வாசிக்கணும். அரசியல் சட்டத்தின் 341ஆவது பிரிவு அட்டவணைச் சாதிகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பட்டியல் போடுகிறது. அதை வைத்து 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்து அட்டவணைச் சாதிக்காரர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த உரிமையைக் கேட்க முடியாது என்றது. இரண்டு பட்டியலிலும் ஒரே பெயர் இருந்தாலும் அப்படித்தான் என்று 1994இல் இன்னொரு தீர்ப்பு. 2018இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. ஆதி திராவிடர் என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உண்டு, கர்நாடகப் பட்டியலிலும் உண்டு. ஆனாலும் அத்திபெலே தாண்டினதும், கர்நாடக அரசின் இடஒதுக்கீட்டைப் பொறுத்தவரை என் சான்றிதழ் வெறும் காகிதம். அங்கேயே பிறந்த தலித்துகளின் பங்கை வெளியிலிருந்து வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற நியாயம் இதில் இருக்கிறது, மறுக்கலை. ஆனால் அரசாங்கம் எல்லையில் இறக்கி வைக்கச் சொன்ன சாதியை வீட்டுக்காரம்மா வாசலில் தூக்கித் தலையில் வைக்கிறாங்களே, அதற்கு எந்தத் தீர்ப்பு?

2020 பொங்கல் கழித்து அம்மா என்னைப் பார்க்க வந்தது. பையில் அரிசி, முருங்கைக்கீரை, அடியில் பழைய துணியில் சுற்றின மாட்டு உப்புக்கண்டம். எனக்குப் பிடிக்கும்னு வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தது. 'இங்க சுட வேணாம்மா, வாசனை போவும்' என்றேன். வீட்டுக்காரம்மா வீட்டிலும் கோழி வேகும். கறிக்குப் பயமில்லை, எந்தக் கறி என்பதற்குத்தான் பயம். அம்மா ஒண்ணும் பேசலை. துணியை மறுபடி முடிச்சு போட்டு வச்சுது. கொஞ்ச நேரம் கழித்து, 'அந்தம்மா கேட்டா நா இன்னான்னு சொல்லணும்? சொல்லிக் குடுத்துடு. நா பாட்டுக்கு எதனா தப்பா சொல்லிடப் போறேன்' என்றது. என் பொய்யை அம்மாவுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தேன். ரெண்டாம் நாளே கிளம்பிடுச்சு. உப்புக்கண்டம் வந்த வழியே ஊருக்குப் போச்சு.

இத்தனை வருஷமா இதை நான் எழுதலை. அதே காலத்தில் நான் எழுதின கட்டுரைகளில் சாட்சியம் என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். வெட்கமாயிருந்தது.

நம் விமர்சனம் தலித் எழுத்திடம் காயத்தைக் கேட்கிறது, கலகத்தைக் கேட்கிறது. பொய்யைக் கேட்பதில்லை. பொய் சொன்னவள் கோழையா துரோகியா என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்களோ என்று நாமும் எழுதுவதில்லை. இதில் தப்பித்துக்கொள்வது கேள்வி கேட்டவர்கள்தான். பண்ணையார் நம் இலக்கியத்தில் இருக்கிறார், வாத்தியார் இருக்கிறார், வீட்டுக்காரம்மா இல்லை. மறைத்து வாழ்ந்ததை எழுதினால்தான் மறைக்க வைத்தவர்கள் கதைக்குள் வருவார்கள். அவங்க கெட்டவங்ககூட இல்லை. 2020 ஊரடங்கில் வாடகையை ரெண்டு மாசம் தள்ளி வாங்கிக்கிட்டாங்க. காய்ச்சலில் படுத்திருந்தப்போ கதவைத் தட்டிக் கஞ்சி கொடுத்தாங்க. அந்தக் கஞ்சி ஒரு முதலியார் வீட்டுப் பெண்ணுக்கு வந்தது. நான் குடிச்சேன்.

2021இல் வீட்டைக் காலி செய்தேன். சாவி கொடுக்கும்போது சொல்லிடணும்னு நினைச்சிருந்தேன். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை எண்ணிக்கிட்டிருந்தாங்க. அதில் இருபதாயிரம் அம்மாவுடையது. சொல்லலை. இப்போ இங்கே சொல்றேன். இதைப் படிக்கிற தோழர்கள் அவங்கவங்க வாடகை வீட்டு வாசலில் என்ன சொன்னாங்கன்னு எழுதணும். அம்பேத்கரே எழுதியிருக்கார், நமக்கு என்ன?