நால்வர் இசையும் நரம்பின் தன்மையும்

மேலைச் செவ்வியல் இசையில் நால்வர் மட்டுமே கூடி இசைக்கும் வடிவம் ஒன்று உண்டு. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்னும் நான்கு நரம்புக் கருவிகளே அதில் இடம்பெறும். பாடகர் இல்லை, தாளக் கருவி இல்லை, எதிரே நின்று கோலசைத்து வழிநடத்துவாரும் இல்லை. இவ்வடிவத்துக்கு நிலையான உருவம் தந்தவர் ஆஸ்திரியாவின் யோசப் ஹைடன் (1732-1809). 1750-களின் பிற்பகுதியில் விருந்தினர் பொழுதுபோக்குக்கென அவர் எழுதத் தொடங்கியது, 68 படைப்புகளாக வளர்ந்து, மேலை இசையின் மிக நுண்ணிய துறைகளுள் ஒன்றாயிற்று. அவ்விசையை அக்காலக் கருவிகளைக் கொண்டே இசைத்துப் பெயர் பெற்றவர்கள் வியன்னாவைச் சார்ந்த மொசாயிக் நால்வர். பழங்கருவி என்பது வெறும் காட்சிப்பொருளா, இசையின் பொருளையே மாற்றவல்லதா என்னும் வினாவுக்கு இவர்களுடைய இசைப்பதிவுகள் நல்லதொரு விடையைத் தருகின்றன.

ஹைடன் காலத்து வயலினுக்கும் இன்றைய வயலினுக்கும் புறத்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தோன்றாது. ஆயினும் வேறுபாடுகள் பல. அன்றைய நரம்புகள் ஆட்டுக்குடலால் ஆனவை. தடித்த நரம்புகளின்மேல் மட்டும் மெல்லிய உலோகக் கம்பி சுற்றப்பட்டிருந்தது. இசை மாளிகைக் கூடங்களிலிருந்து ஆயிரவர் அமரும் அரங்குகளுக்குப் பெயர்ந்தபோது உரத்த ஒலி வேண்டப்பட்டது. கருவியின் கழுத்து நீட்டிச் சாய்க்கப்பட்டது. வில்லின் வளைவு மாறியது. இருபதாம் நூற்றாண்டில் எஃகுக் கம்பிகள் குடல் நரம்புகளின் இடத்தைப் பிடித்தன. சுருதியும் சற்று ஏறிற்று. யாழின் தந்தியை நரம்பென்றே வழங்கிய மொழிக்குரியோர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க மிகுதியும் முயலவேண்டியதில்லை. எஃகின் ஒலி ஒளிமிக்கது, சீரானது. நரம்பின் ஒலி சற்றே கரகரப்பும் வெதுவெதுப்பும் உடையது, தொடங்கும்போது ஒரு மெய்யெழுத்தைப் போல் தெளிவாக உதிர்வது.

இம்மாற்றங்களுக்கு முந்தைய ஒலியை மீட்கும் முயற்சியில் முன்நின்றவருள் ஒருவர் நிக்கோலாஸ் ஹார்னன்கூர்ட். அவர் 1953இல் வியன்னாவில் நிறுவிய கான்சென்டஸ் மியூசிக்கஸ் குழுவில் வாசித்து வந்த நால்வரே 1980-களில் மொசாயிக் நால்வராக இணைந்தனர். எரிக் ஹோபார்ட் முதல் வயலினும், அந்திரேயா பிஷாப் இரண்டாம் வயலினும், அனிதா மிட்டரர் வியோலாவும் வாசிப்பவர்கள்; மூவரும் ஆஸ்திரியர். செல்லோ வாசிக்கும் கிறிஸ்தோப் குவான் பிரெஞ்சுக்காரர். ஹோபார்ட் அதற்குமுன் 1978 முதல் 1980 வரை, அங்கேரியில் பிறந்த சாந்தோர் வேக் என்னும் மூத்த கலைஞரின் நால்வர் குழுவில் இருந்தவர். இச்செய்தி சிறியதாகத் தோன்றினும் இக்குழுவை மதிப்பிடுவதற்கு இன்றியமையாதது. வேக் குழுவினர் பழங்கருவியாளர் அல்லர். நால்வர் ஒரு தொடரை ஒருவரிடமிருந்து ஒருவர் எவ்வாறு வாங்கிப் பேசவேண்டும் என்பதை வாழ்நாளெல்லாம் பயின்றவர்கள். ஆக, மொசாயிக் நால்வரிடம் ஆராய்ச்சி வழிவந்த அறிவும், குழுவாக வாசிக்கும் நெடிய மரபும் ஒருங்கே வந்து சேர்ந்தன. முன்னதை மட்டும் பெற்ற குழுக்கள் வேறு பல உண்டு.

இச்சேர்க்கையின் பயனை 1772இல் ஹைடன் இயற்றிய இருபதாம் தொகுதியில் காணலாம். ஆறு படைப்புகள் கொண்ட இத்தொகுதியின் இரண்டாம் படைப்பு, செல்லோவின் பாட்டோடு தொடங்குகிறது. அடியில் நின்று தாங்க வேண்டிய கருவி மேலெழுந்து பாட, வியோலா கீழே இறங்கி அதன் கடமையை ஏற்கிறது. இரண்டாம் வயலின் உடன்செல்கிறது. முதல் வயலினோ வாய் திறவாது காத்திருக்கிறது. தலைமைக் கருவியைத் தொடக்கத்திலேயே மௌனமாக்கிய துணிவு அக்காலத்துக்குப் புதுமை. வயலினைப் பக்கவாத்தியமாகவே பெரிதும் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு இவ்விடம் தனிச்சுவை தரும்; இங்கே முதன்மை எது, பக்கம் எது என்பது அடிக்கொருமுறை மாறுகிறது. எஃகுக் கம்பி பூட்டிய செல்லோ இவ்விடத்தில் மிக எளிதாக முழங்கிவிடும். அதனால் பாட்டும் துணையும் எனக் கருவிகள் இரண்டாகப் பிரிந்துவிடுவதுண்டு. குவானின் நரம்புச் செல்லோ முழங்குவதில்லை. அது பேசுகிறது, அதன் பேச்சினூடே வியோலாவின் அசைவும் இரண்டாம் வயலினின் குறுக்கீடும் தெளிவாகக் கேட்கின்றன. நான்கு குரல்களும் ஒன்றையொன்று மறைக்காமல் ஓரவையில் அமர்கின்றன.

அதே படைப்பின் இறுதிப் பகுதி இன்னும் அரியது. இது ஃபியூக் என்னும் அமைப்பில் இயன்றது. ஒரு கருவி எடுத்துரைத்த சிறு இசைக்கருத்தை மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்று, துரத்தி, பின்னிச் செல்லும் முறை அது. இங்கே அத்தகைய கருத்துகள் நான்கு. இவ்வளவு சிக்கலான பின்னலின் தலைப்பில் ஹைடன் எழுதிவைத்த குறிப்பு, எப்போதும் தணிந்த குரலிலேயே வாசிக்க என்பதாகும். பலர் இக்குறிப்பை மரியாதையோடு பார்த்துவிட்டுக் கடந்துபோகின்றனர். தணித்தால் பின்னல் கேளாது, கேட்கவைத்தால் தணிவு கெடும் என்பது அவர்கள் இடர்ப்பாடு. மொசாயிக் நால்வர் உண்மையாகவே தணிந்து வாசிக்கின்றனர். ஒவ்வொரு சுரமும் தெளிவாகத் தொடங்கி விரைவில் தேய்வதால், நான்கு இழைகளும் மெல்லிய ஒலியிலும் பிரிந்தே நிற்கின்றன. பிறர் அறியாமல் நால்வர் தம்முள் வாதிடுவது போன்ற பரபரப்பு அதில் உண்டு. முடிவை நெருங்கும்போது தணிவு உடைந்து உரத்த ஒலி வெடிக்கிறது. முன்னர் அடங்கியிருந்தமையாலேயே அந்த வெடிப்புக்குப் பொருள் உண்டாகிறது. ஹைடனின் குறிப்பு நடைமுறைக்கு ஒவ்வாததன்று, கருவிதான் மாறிவிட்டது என்பது இங்கே காதாலேயே மெய்ப்பிக்கப்படுகிறது.

இதனால், பழங்கருவியை எடுத்தவுடன் பழைய இசை பிறந்துவிடும் எனக் கொள்வது பிழை. ஓலைச்சுவடியைக் கையில் எடுத்த அளவிலேயே பாட்டின் பொருள் விளங்கிவிடுவதில்லை. பழங்கருவியாளருள் சிலர் விரலதிர்வை முற்றாக விலக்கி, ஒவ்வொரு சுரத்தையும் வெட்டி வெட்டி வாசித்து, அதையே மூலத்துக்கு விசுவாசம் என்பர். அத்தகைய வாசிப்பில் ஆராய்ச்சி தெரியும், ஹைடன் தெரியார். மேலும், 1772இல் அரண்மனைக் கூடத்தில் அமர்ந்திருந்தவரின் செவி இன்று எவருக்கும் இல்லை. பிற்காலத்து இசையையெல்லாம் கேட்ட செவியோடுதான் இன்றைய இரசிகர் வருகிறார். மொசாயிக் நால்வர் இதனை உணர்ந்தவர்கள் என்பது அவர்கள் வாசிப்பில் புலனாகிறது. விரலதிர்வை அவர்கள் ஒழிப்பதில்லை. நீண்ட சுரத்தில், உணர்ச்சி வேண்டும் இடத்தில், அணியாகச் சேர்க்கின்றனர். மெதுவான பகுதிகளில் சொற்றொடரை முடித்து மூச்சுவிட நேரம் தருகின்றனர். இது வேக் வழிவந்த பண்பு.

குறையும் இல்லாமலில்லை. 1781இல் எழுந்த முப்பத்துமூன்றாம் தொகுதியின் இரண்டாம் படைப்புக்கு விகடம் என்னும் பெயர் வழங்குகிறது. இறுதியில் மெட்டு துண்டுதுண்டாக அறுந்து, இடையிடையே மௌனம் விழுந்து, முடிந்ததெனக் கேட்போர் எண்ணும் வேளையில் மெட்டின் முதலடி மீண்டும் எட்டிப்பார்க்கும். இந்தக் குறும்பில் மொசாயிக் நால்வர் சற்றுக் கண்ணியமாகவே நடந்துகொள்கின்றனர். ஹைடனின் அறிவும் துயரமும் அவர்களுக்குக் கைவந்த அளவுக்கு அவருடைய நாட்டுப்புறச் சிரிப்பு கைவரவில்லை எனலாம். மோட்சார்ட் ஹைடனுக்குக் காணிக்கையாக்கி 1785இல் வெளியிட்ட ஆறு படைப்புகளில் இக்கண்ணியம் குறையாகத் தோன்றவில்லை. அங்கே அது பொருந்திவிடுகிறது.

பேத்தோவனின் இறுதிக்கால நால்வர் இசையை அதே நால்வர் பதிவுசெய்து 2017இல் வெளியிட்டனர். இப்படைப்புகள் கருவியின் எல்லையை முட்டி மோதுபவை. உரத்த பகுதிகளில் நரம்பு இழுபட்டுத் திணறுவதைப் பதிவில் கேட்கலாம். எஃகுக் கம்பியின் பளபளப்புக்குப் பழகியவர் இதனைக் குறையென்பர். ஆனால் பேத்தோவன் எழுதியது அத்தகைய நரம்புகளுக்கே. அவர் கேட்ட ஒலியைத் தர அன்றும் கருவி திணறியிருக்கும்; எஃகின் எளிமையில் அத்திணறல் மறைந்துவிடுகிறது, இந்தப் பதிவில் அது மறையாமல் ஒலிக்கிறது.