வீட்டுக்குள் வந்த அந்நியன்

பர்வேஸ் இங்கிலாந்தில் இரவு டாக்சி ஓட்டும் பாகிஸ்தானியர். ஒருநாள் மகனின் அறை ஒழுங்காகக் கிடப்பதைப் பார்த்துப் பூரித்துப்போகிறார். பிறகு சட்டை, வீடியோ காசெட் என்று ஒவ்வொன்றாகக் காணாமல் போக, பையன் போதையில் விழுந்துவிட்டானோ என்று பயம் பிடித்துக்கொள்கிறது. வேவு பார்த்ததில் தெரிந்தது, தாடியும் தொழுகையும். ஹனீஃப் குரேஷியின் ‘மை சன் த ஃபனாட்டிக்’ சிறுகதை 1994இல் வந்தது; 1997இல் ஓம் பூரி நடிக்கப் படமானது. தொழுகையே ஆபத்தின் அடையாளம் என்று வாசிக்க இடம் கொடுப்பது அதன் பலவீனம். ஆனால் முடிவில், தொழுதுகொண்டிருக்கும் மகனை அப்பா அடித்து உதைக்கிறார். வெறியன் என்ற பட்டத்தை உதடு கிழிந்த மகன் அவருக்கே திருப்பிவிடுகிறான். அந்த இடத்தில் குரேஷி தப்பித்துவிடுகிறார்.

ஓசூரில் உட்கார்ந்து படித்தால் இதில் முதலில் உறைப்பது மதமல்ல, ஷிப்ட். சிப்காட்டில் இரவு வேலை முடித்து வரும் அப்பா, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையை வாசலில் பார்ப்பதோடு சரி. வீட்டில் தக்னி, பள்ளியில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம். கைப்பேசிக்குள் யார், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பது அவருக்கு எட்டாது. இது முஸ்லிம் வீட்டுக்கு மட்டுமான கவலையும் அல்ல. மசூதிகளைத் தாக்கத் திட்டமிட்டதாகச் சிங்கப்பூரில் தடுத்துவைக்கப்பட்ட 16 வயதுப் பையன் இந்திய வம்சாவளிக் கிறிஸ்தவன். 2021 ஜனவரியில் அரசு அறிவித்தது. அவன் திட்டம் வீட்டாருக்கே தெரியாது.

தெரிந்தால் மட்டும் யாரிடம் சொல்வது? கமிலா ஷம்ஸியின் ‘ஹோம் ஃபயர்’ (2017) நாவல் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொள்கிறது. தம்பி ஐஎஸ்ஸில் சேரச் சிரியா போனதை அக்கா போலீசிடம் சொல்லிவிடுகிறாள். அதற்காகத் தங்கை அவளை மன்னிப்பதில்லை. கிரேக்க நாடகமான அந்திகோனின் மறுவடிவம் என்பதால் கடைசியில் சண்டை இறந்த தம்பியின் பிணத்துக்கு: அரசு தர மறுக்கிறது, தங்கை கேட்கிறாள். அதே ஆண்டு மார்ச்சில் நம் நாட்டில் நடந்தது தலைகீழ். பயங்கரவாதி என்று சொல்லி லக்னோ என்கவுன்ட்டரில் கொல்லப்பட்ட இளைஞனின் உடலை வாங்கமாட்டேன் என்றார் கான்பூர் தந்தை. உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் நாடாளுமன்றத்தில் அவரைப் பாராட்டினார். பாராட்டு முடிந்து அந்த வீட்டில் இரவு எப்படிக் கழிந்தது என்பது ஷம்ஸி போன்ற ஒருவர் எழுதவேண்டியது.

தாய்மார் பக்கம் துனீசியாவின் ‘ஃபோர் டாட்டர்ஸ்’ (2023) படம். லிபியாவில் ஐஎஸ்ஸில் சேர்ந்த இரு மகள்களின் நிஜத் தாய் கேமராவுக்கு முன் வருகிறார், மகள்களைத் தான் அடித்து வளர்த்ததையும் ஒளிக்காமல்.

தமிழ் பேசும் உலகில் மிகக் கொடிய உதாரணம் இலங்கையின் காத்தான்குடி. அந்த ஊர்த் தீவிரப் போதகர் சஹ்ரான் ஹாஷிமோடு முதலில் மோதியது ஊர் முஸ்லிம்கள்தான். 2017 மார்ச்சில் சூஃபி பிரிவினருடன் நடந்த கலவரத்துக்குப் பின் அவர் தலைமறைவானார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, அவரது குழு நடத்திய தற்கொலைத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் படையினர் சுற்றிவளைத்த வீட்டில் சஹ்ரானின் இரண்டு சகோதரர்கள் இறந்தார்கள். அவர்களோடு தந்தையும். பர்வேஸ் மகனை அடிக்கிறார். இந்தத் தந்தை மகன்களின் பின்னால் போனவர்.