சும்மா நிற்கும் எஞ்சின்

கரன்ட் போனதும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை பட்டறையாக ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கும். அந்தச் சத்தத்தைத் திட்டுபவர்களே அதிகம், எனக்குப் பிடிக்கும்.

இதே குலத்துப் பெரிய அண்ணன்கள் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் சும்மா நிற்கிறார்கள். சும்மா என்றால் தூக்கமல்ல. எண்ணெயும் தண்ணீரும் வெதுவெதுப்பாகவே இருக்க வேண்டும்; குறித்த நாளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அணு உலையை அணைத்த கணத்திலும் முழுத்திறனில் சுமார் 6 சதவீத வெப்பம் வந்துகொண்டிருக்கும். வெளி மின்சாரமும் அறுந்தால், குளிர்விக்கும் பம்புகளை ஓட்டுவது இந்த டீசல்தான்.

ஆனால் எஞ்சினைவிட அது நிற்கும் இடத்தைத்தான் நான் ரசிப்பேன். 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் பம்பு அறைக்குள் கடல் புகுந்தது. மேட்டில் இருந்த உலைக் கட்டடத்தைத் தொடவில்லை. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். 2011 மார்ச் 11 அன்று சுனாமியில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் அடித்தளத்து ஜெனரேட்டர்கள் மூழ்கின. சற்று உயரத்தில் இருந்த, காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் பிழைத்து, ஐந்தாம் ஆறாம் உலைகள் இரண்டையும் காப்பாற்றியது. எவ்வளவு எளிய சாமர்த்தியம், தண்ணீரை நம்பாமல் இருப்பது!

மேட்டில் வைத்தால் மட்டும் போதாது. 1993இல் நரோரா அணுமின் நிலையத்தில் தீ மின்கம்பிகளை எரித்ததால் நிலையமே இருண்டது. அங்கே உலையைக் குளிர்விக்கக் கைகொடுத்தவை, மின்சாரமே கேட்காமல் நேரடியாக டீசலில் ஓடிய தீயணைப்புப் பம்புகள்.